காசு இருக்கிறது, காணி எங்கே?

நாலந்தாவைக் கடந்து மாத்தளை மலைகளுக்குள் நடந்துபோனவர்களின் வாரிசுகளுக்கு இரண்டு நூற்றாண்டாகியும் சொந்த வீடில்லை. நன்கொடை வருகிறது, கடன் வருகிறது, அடிக்கல்லும் விழுகிறது. பிறகும் ஏன் லயம் மாறவில்லை?

ஏ9 வீதியில் தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வரும்போது நாவுலைக்கு அடுத்து வருவது நாலந்தா. சந்தியில் கிழக்கே பிரியும் சின்ன வீதி போவதென்ன நீர்த்தேக்கத்தின் கரையில் கொண்டுபோய் விடுகிறது. இருபுறமும் நீர் பரந்திருக்க, அணைமேட்டின் முனையில் ஒரு கற்கோயில் நிற்கிறது. பார்த்த மாத்திரத்தில் மாமல்லபுரம் நினைவுக்கு வரும். கட்டடம் பல்லவர் பாணி, வழிபாடு பௌத்தம். பெயர் நாலந்தா கெடிகே. தென்புறம் நின்று நிமிர்ந்து பார்த்தால் கூரை வளைவுக்குள் தொந்தியோடு குபேரன் உட்கார்ந்திருக்கிறார். சுற்றுலா வழிகாட்டிகள் தவறாமல் கைநீட்டிக் காட்டும் சிற்பம் அது.

கோயில் முதலில் நின்றது இந்த இடத்தில் அல்ல. மகாவலித் திட்டத்துக்காக நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பழைய இடம் மூழ்கும் என்று தெரிந்தது. 1975இல் கல் கல்லாகக் கழற்றினார்கள். 1980இல் மேட்டு நிலத்தில் அதே ஒழுங்கில் அடுக்கி எழுப்பினார்கள். செய்ய வேண்டிய வேலைதான், அக்கறையோடு செய்தார்கள். ஆயிரம் ஆண்டுப் பழமையான ஒரு கட்டடத்துக்கு அரசு புதுக் காணி பார்த்துக் குடியேற்றிக் கொடுத்தது.

கோயிலுக்குத் திரும்பாமல் நேரே போகும் வீதிக்கு வேறொரு கதை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தலைமன்னாரில் இறங்கிய தமிழகத் தொழிலாளர்கள் காடு வழியே தெற்கு நோக்கி நடந்த வடபாதை இதுதான். தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை என்று வந்து, கோப்பித் தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை.

அந்தப் பாதையை நினைவுகூர்ந்து, மலையகத்துக்கு 200 ஆண்டு என்று 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் ஒரு நடைபயணம் தொடங்கியது. 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற பெயரில் நடந்தவர்கள் ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் பயணத்தை முடித்தார்கள். அவர்களின் கோரிக்கைகளில் காணியும் வீடும் இருந்தன. கால்வலி ஆறுவதற்குள், அதே ஆகஸ்டில், அதே மாத்தளை மாவட்டத்தில் எல்கடுவைப் பக்கத்து ரத்வத்தைத் தோட்டத்திலிருந்து ஒரு காணொளி வெளியே வந்தது. ஒரு தொழிலாளர் குடும்பம் போட்டிருந்த தற்காலிகக் குடிலைத் தோட்ட அதிகாரி பிரித்தெறிவதை நாடே பார்த்தது. பாராளுமன்றத்தில் கூச்சல், அமைச்சர்களின் வருகை, விசாரணை எல்லாம் நடந்தன. அந்தக் குடும்பத்தின் கதை அதோடு பேச்சில் ஆறியது. குடிலை உடைக்க ஒரு தோட்ட அதிகாரிக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது என்ற கேள்வி மட்டும் ஆறவில்லை. பதில் மிகச் சுருக்கமானது. அந்த மண் அந்தக் குடும்பத்தினுடையது அல்ல.

பத்தடிக்குப் பன்னிரண்டடி

லயத்துக் காம்பரா எப்படி இருக்கும் என்று நகரத்து வாசகருக்குச் சொல்ல வேண்டும். முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதாவது திண்ணை. அதைத் தாண்டினால் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஓர் அறை. ஜன்னல் இருந்தால் ஒன்று. இப்படிப் பத்து, பன்னிரண்டு காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும். சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம், அதில் காற்று ஒரு பக்கம் மட்டும்தான். பக்கத்து வீட்டுச் சண்டையும் இருமலும் சுவரைத் தாண்டி வரும். கூரைத் தகரம் பறக்காமலிருக்க மேலே கல்லும் பழைய டயரும் கிடக்கும். மகனுக்குக் கல்யாணம் ஆனால் இஸ்தோப்பை அடைத்து ஓர் அறை. இரண்டாவது மகனுக்கும் ஆனால் பின்பக்கம் தறப்பாள் கட்டி இன்னொன்று. அந்தத் தறப்பாளுக்கும் தோட்டத் தொரையின் அனுமதி வேண்டும்.

வெள்ளைக்காரன் காலத்துக் கூரைக்கு இன்றைக்கு உரிமையாளர் யார்? 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டம் தோட்டங்களை அரசுடைமை ஆக்கியது. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் குத்தகையாகப் போனது. 2045 வரை குத்தகை. மண் அரசினுடையது, அதன் பயன்பாடு கம்பனியினுடையது. ஐந்து தலைமுறையாக அதன் மேல் சமைத்துச் சாப்பிடுகிறவர் சட்டத்தின் கண்ணில் வெறும் குடியிருப்பாளர். கம்பனியாவது 2045 வரைக்கும் ஒரு பத்திரத்தைக் காட்ட முடியும்.

பெட்டிச் செய்தி: மகாவலி கணக்கு
பொல்கொல்லையில் திருப்பிய மகாவலி நீர் உக்குவளை மின்நிலையம் வழியே மாத்தளை மாவட்டத்தைக் கடந்து போவதென்னவுக்கு வருகிறது. அந்த நீர் பாய்ந்த குடியேற்றத் திட்டங்களில் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் வயலும், வீட்டுக்கென்று தனியாக அரை ஏக்கரும் கொடுத்தார்கள். அரை ஏக்கர் என்றால் 80 பேர்ச்சஸ். தோட்டக் குடும்பத்துக்கு 2015இல் அமைச்சரவை இணங்கிய அளவு 7 பேர்ச்சஸ். பிந்திய அறிவிப்புகளில் அது 10 ஆனது.

யார் யார் கொடுத்தார்கள்

தோட்ட வீட்டுக்குக் காசே ஒதுக்கவில்லை என்று சொன்னால் பொய். கம்பனிகள் வந்த 1992இலேயே வீடமைப்புக்கும் சமூக நலனுக்குமாக ஒரு நம்பிக்கைப் பொறுப்பு உருவானது. இன்று மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று அறியப்படுவது அதுதான். வெளிநாட்டு உதவியில் லயங்களுக்குக் கூரை மாற்றினார்கள், கழிப்பறை கட்டினார்கள், குழாய் இழுத்தார்கள். கடன் கொடுத்துத் தனி வீடும் கட்டினார்கள். தவணை, சம்பளச் சீட்டில் கழிந்தது. தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் நடுவில் நின்றது. தவணை முடிந்தால் உறுதி வரும் என்று காத்திருந்தவர்கள் பலர். வந்தது சிலருக்குத்தான்.

பிறகு இந்தியா வந்தது. 2010இல் அறிவித்த 50,000 வீடுகளில் 46,000 வடக்கு கிழக்குக்கும் 4,000 மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கும் ஒதுக்கப்பட்டன. வடக்கு கிழக்கில் வேலை மளமளவென்று நடந்தது. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாயைத் தவணை தவணையாகப் பயனாளியின் வங்கிக் கணக்கிலேயே போட்டார்கள். அவரவர் காணியில் அவரவர் நின்று கட்டினார்கள். தோட்டத்து 4,000 வீடுகளுக்கு 2016 வரை மண்வெட்டி விழவில்லை. தொகையை வைத்துக்கொண்டு தூதரகம் காத்திருந்தது. எந்தத் தோட்டத்தில் எந்தத் துண்டு, தேயிலைக் கன்றைப் பிடுங்கலாமா, கம்பனி விடுவிக்குமா, மண்சரிவு அபாயம் இல்லை என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எழுதிக் கொடுக்குமா என்பதிலேயே காலம் போனது.

2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் நரேந்திர மோடி இன்னும் 10,000 வீடுகளை அறிவித்தார். கைதட்டல் வானைப் பிளந்தது. அதில் முதல் 1,300 வீடுகளுக்கு அடிக்கல் விழுந்தது 2024 பெப்ரவரியில். இடையில் ரூபாய் சரிந்து, சீமெந்தும் கம்பியும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. ஏறத்தாழ 10 இலட்சம் என்று போட்ட ஒரு வீட்டுக்கான உதவியை 28 இலட்சமாக உயர்த்த வேண்டியதாயிற்று. அடிப்படை வசதிகளுக்கு இலங்கை அரசு தன் பங்காக 4 இலட்சம் சேர்க்கிறது. தாமதத்தின் விலையை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

2025 ஒக்டோபர் 12ஆம் திகதி பண்டாரவளையில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க 2,000 குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரம் கொடுத்தார். கையில் இருப்பது காணி உறுதி அல்ல, பயனாளி என்பதற்கான சான்று மட்டுமே என்று எதிரணி மலையகத் தலைவர்கள் உடனேயே குரல் எழுப்பினார்கள். அவர்களும் அதிகாரத்தில் இருந்தவர்கள்தானே என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனாலும் குறை குறைதான்.

பெட்டிச் செய்தி: ஒரு வீட்டின் விலை
தோட்டங்களுக்குத் தேவையான புது வீடுகள் 1,60,000 என்று 2016–2020 காலத்துக்கான அரச செயற்திட்டம் கணக்கிட்டது. இந்தியா தர ஒப்புக்கொண்டவை மொத்தம் 14,000. அதாவது நூற்றுக்கு ஒன்பதுக்கும் குறைவு. வீட்டுக்கு 32 இலட்சம் என்று 1,60,000 வீட்டையும் பெருக்கினால் 51,200 கோடி ரூபாய். தோட்டக் காணி உரிமைக்கென்று 2024 வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கியது 400 கோடி. தொழிலாளி தானே கடன் வாங்கிக் கட்டலாமே என்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளத்தை 1,350 ரூபாயாக நிர்ணயித்தார்கள். அந்தச் சம்பளத்தில் மாதம் 25 நாள் வேலை கிடைத்தால் 33,750. சோறு தண்ணி இல்லாமல் முழுச் சம்பளத்தையும் சேர்த்தாலும் 28 இலட்சம் சேர ஏழு வருடம்.

கொழும்பு என்ன செய்தது

ஏழைக் குடியிருப்பை எப்படி நிமிர்த்துவது என்று இந்த நாட்டுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. உலகத்துக்கே பாடம் எடுத்த நாடு இது. ரணசிங்க பிரேமதாச 1980இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைத்த யோசனையால்தான் 1987, வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டானது. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தில் அரசு வீடு கட்டிக் கொடுக்கும் வேலையை ஏறக்குறைய நிறுத்திக்கொண்டது. சிறு கடன் கொடுத்து, கட்டுகிறவரைக் கட்ட விட்டது.

கொழும்புச் சேரிகளில் அது நடந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் குடியிருப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பு. அடுத்து தேசிய வீடமைப்பு அதிகார சபை அதிகாரிகள் அங்கேயே போய் உட்கார்ந்து, மக்களோடு கயிறு பிடித்து, குடிசைகளைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பேர்ச்சஸ்தான், கையகலம். ஆனால் எல்லைக்கல் நட்டு, குத்தகைப் பத்திரம் என்று ஒன்றைக் கையில் கொடுக்க ஏற்பாடானது. அதன் பிறகே 15,000 ரூபாய்க்கு உட்பட்ட கடன். வடிகால், பொதுக் கிணறு, ஒழுங்கை போன்ற வேலைகளை வெளியார் ஒப்பந்தகாரருக்குக் கொடுக்காமல், அந்தக் குடியிருப்பின் சமூக அபிவிருத்திச் சபைக்கே ஒப்பந்தமாகக் கொடுத்தார்கள். சேரிக்காரர் சேரியின் கால்வாயைக் கட்டிக் கூலியும் எடுத்தார்.

குறைகள் இருந்தன. தேர்தல் வரும்போதெல்லாம் அரசியல்வாதிகள் கடன் தள்ளுபடி பேசி, தவணை கட்டுகிறவனை முட்டாளாக்கினார்கள். கடன் திரும்பி வரும் வீதம் மோசமாகவே இருந்தது. அந்த ஓட்டையை அடைத்தவர்கள் பெண்கள். 1989இல் தொடங்கிய மகளிர் வங்கியில் பெண்கள் சிறு சிறு குழுக்களாகக் கூடி, வாரம் ஐந்து ரூபாய் போட்டு, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்கினார்கள். அடுத்த வீட்டுக்காரியின் காசு என்றால் ஏமாற்றக் கை வராது. தாய்லாந்து 2003இல் தொடங்கிய 'பான் மங்கொங்' திட்டம் இதே தடத்தில் ஒரு படி மேலே போனது. சேமிப்புக் குழுவுக்கு அரசே மொத்தக் கடன் கொடுத்தது, காணிப் பேச்சையும் குழுவே நடத்தியது.

பிறகு கொழும்பு வேறு திசையில் திரும்பியது. 2010க்குப் பிறகு நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. சேரி இருந்த காணியின் சந்தை விலை கண்ணுக்குத் தெரிந்தது. மக்களை அடுக்குமாடிக்கு ஏற்றிவிட்டு, விடுபட்ட காணியை வணிகத்துக்குக் கொடுத்து, அந்தக் காசில் அடுத்த மாடியைக் கட்டலாம் என்பது ஏற்பாடு. 2019இல் ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி இதற்கு 20 கோடி டொலர் கடன் ஒப்புக்கொண்டது, 5,500 வீடுகளுக்கு. நானூறு சதுர அடி மாடி வீட்டில் ஓடும் தண்ணீரும் ஒட்டிய கழிப்பறையும் உண்டு, மறுக்கவில்லை. மின்தூக்கி பழுதானால் பன்னிரண்டாம் மாடிக்குத் தண்ணீர் தூக்கும் பாட்டியும் உண்டு. வாசலில் இடியப்பம் அவித்து விற்றவள் ஒன்பதாம் மாடியில் யாருக்கு விற்பாள்?

தோட்டத்துக்கு மாடிக் கட்டடம் தேவையில்லை. கொழும்பிலிருந்து தோட்டம் எடுக்க வேண்டியது 1984இன் வரிசை. முதலில் எல்லைக்கல், பிறகு பத்திரம், கடைசியில் காசு. மலையகத்தில் இது தலைகீழாக நடக்கிறது. நன்கொடை கொழும்பு வந்து நிற்கும், பிறகு காணி தேடுவார்கள், பத்திரத்தைப் பற்றி வீடு திறந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்பார்கள்.

தெருவிளக்குக்கும் வழியில்லை

வீடு மட்டும் வீடாகாது. வீதி, வடிகால், விளக்கு, குப்பை வண்டி எல்லாம் வேண்டும். ஊரில் இவற்றைப் பிரதேச சபை பார்த்துக்கொள்கிறது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்துக்குள் சபை காசு செலவழிக்க இடம் தரவில்லை. தோட்டம் தனியார் நிர்வாகத்தில் உள்ள இடமாம். அந்தத் தோட்டத்தவர்கள் போட்ட வாக்கில் வென்ற உறுப்பினர், தன் லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு குழியை அடைக்கச் சபைப் பணத்தைத் தொட முடியாமல் முப்பது வருடம் இருந்தார். மாகாண சபையிலும் அமைச்சரிடமும் கெஞ்சி வாங்கியதே வேலை. வாக்குக்கும் சேவைக்கும் இருக்க வேண்டிய தொடர்பு இப்படித்தான் அறுந்தது. எந்தத் தலைவர் வாங்கித் தந்தார் என்பதே தோட்டத்து அரசியலின் முழு நீளமாகவும் ஆனது.

2018இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதே ஆண்டில் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைக்கும் தனிச் சட்டம் வந்தது. இப்போது தோட்ட நிர்வாகத்தோடு கலந்துபேசிச் சபை செலவழிக்கலாம். கதவு திறந்திருக்கிறது. ஆனால் சபையின் பெட்டியில் என்ன இருக்கிறது? ஊரில் வீட்டு வரி, வாடகை, கடைகள் என்று வருமானம். லயத்துக்கு உரிமையாளரே இல்லாதபோது வரி யார் பெயரில் எழுதுவது? வரி கட்டாத இடத்துக்குக் கடைசியில்தான் லொறி வரும், எந்தக் கட்சி ஆண்டாலும்.

பத்திரம் இல்லாத வீட்டில்

நன்கொடையில் கட்டிய 550 சதுர அடி வீட்டைப் பார்த்தால் மனம் நிறையும். இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், சமையலறை, கழிப்பறை. முற்றத்தில் ரோசாச் செடி, பக்கத்தில் நாலு பீன்ஸ் கொடி. லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் படிக்க ஒரு மேசை போட இடம். இந்த மாற்றத்தைக் குறைத்துச் சொல்பவர் காம்பராவில் ஒரு மழைநாள் இருந்து பார்த்ததில்லை.

ஆனால் அந்த வீட்டுக்காரர் மகளின் படிப்புக்கோ ஒரு சில்லறைக் கடைக்கோ வங்கியில் கடன் கேட்டால், உறுதி எங்கே என்பார்கள். அப்பா இறந்தால் வீடு யாருக்கு என்பதில் அண்ணன் தம்பிக்குள் தகராறு வந்தால் நீதிமன்றத்தில் காட்ட ஒரு தாள் வேண்டும். பயனாளிப் பட்டியலே பெரும்பாலும் தோட்டத்தில் பெயர் பதிந்தவரை வைத்துத்தான் தொடங்குகிறது. மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், மகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள், பெரியவர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்தக் குடும்பம் எந்தப் பட்டியலில் வரும்? கொழுந்து பறிக்கிறவருக்கே கூரை என்ற பழைய கணக்கு, புது வீட்டுக்குள்ளும் கூடவே குடிவந்துவிட்டது.

கம்பனிகளின் அச்சமும் இதுதான். காணி கையில் வந்தால் வேலைக்கு ஆள் வராது என்கிறார்கள். இந்த வாதம் எனக்கு விளங்கவில்லை. காணி இல்லாதபோதே இளையவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நிற்பவர்களின் நரையைப் பார்த்தாலே தெரியும். சொந்த முற்றம் இருந்தால் ஒருவேளை அந்தப் பிள்ளை ஊரில் இருந்துகொண்டே வேலைக்குப் போகும்.

2024இல் வேறொரு யோசனை வந்தது. லயங்கள் இருக்கும் இடத்தையே கிராமம் என்று அறிவித்துவிடலாம் என்றார்கள். செலவு குறைவு, உண்மை. பெயர்ப்பலகை மாறும், சுவர் மாறாது என்று மலையகத்தில் பலர் கொதித்தது நியாயம்.

கம்மடுவையில் பெய்த மழை

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மாத்தளை மாவட்டத்தின் கம்மடுவையில் ஒரே நாளில் 540 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மத்திய மலைநாட்டில் சரிவுகள் வீடுகளையும் பாதைகளையும் கொண்டுபோயின. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு புதைந்தவர்களின் நினைவு திரும்பி வந்தது. அங்கே முன்கூட்டியே எச்சரிக்கை இருந்தும் மக்கள் போகவில்லை. போக இடமில்லை.

முற்றாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம், காணி இல்லாதவருக்கு அரச காணி அல்லது காணி வாங்க 50 இலட்சம் வரை என்று அரசு டிசெம்பரில் அறிவித்தது. இந்த நாட்டில் ஓர் இயற்கை அழிவுக்குப் பின் வீட்டுக்கென்று வந்த மிகத் தாராளமான வாக்குறுதிகளில் ஒன்று. 28 இலட்சத்துக்காக ஏழு வருடம் காத்திருந்த தோட்டத்துக்கு இது பெரிய தொகை. ஆனால் காசைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்காரர் யாரிடம் காணி வாங்குவார்? சுற்றிவரக் கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் கம்பனியும் அரசும். ஊர்ப்பக்கம் போனால் வேலை போகும், பிள்ளையின் தமிழ்ப் பாடசாலை போகும். அழிந்த காம்பராவுக்கு யார் பெயரில் நட்டஈடு எழுதுவது, ஒரே காம்பராவில் இருந்த மூன்று குடும்பத்தை ஒன்றாக எண்ணுவதா மூன்றாக எண்ணுவதா என்ற கேள்விகள் பிரதேச செயலக மேசைகளில் குவிந்தன. மழை ஓய்ந்ததும் மலையகத் தலைவர்கள் முதலில் கேட்டதும் காணிதான். பாதுகாப்பான காணி.

மாத்தளைக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. மற்ற மாவட்டங்களில் கம்பனிகளோடு வருடக்கணக்கில் பேச வேண்டும். இங்கே அரசு தானே நடத்தும் தோட்டங்கள் எல்கடுவைப் பக்கத்திலும் சுற்றிலும் உள்ளன. குடில் உடைந்த ரத்வத்தையும் அந்தப் பக்கம்தான். அங்கே மண்ணும் அரசினுடையது, நிர்வாகமும் அரசினுடையது. சரிவு அபாயமில்லாத மேட்டைக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் குறித்துக் கொடுத்தால் போதும். மறுநாளே நில அளவையாளரை அனுப்பி எல்லைக்கல் நட, அரசு எந்தக் கம்பனியிடமும் எந்தத் தூதரகத்திடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.